போனைப் பழிக்காதீங்க, கொட்டாயைப் பாருங்க

"சார்ஜ் போட்டா போன் பேய் பிடிச்ச மாதிரி ஆடுதுங்க ஐயா. நான் தொடாமலே தானா நம்பர் அடிக்குது."

விருத்தாசலம் பக்கம் இயற்கை விவசாயம் செய்யும் நண்பர்கள் கூடும் இடங்களில், பூச்சிக்கும் களைக்கும் அடுத்தபடியாக நான் அதிகம் கேட்கும் புகார் இப்போது இதுதான். ஈபி கம்பம் வராத கொல்லையில் ஒரு சோலார் பேனல், ஒரு பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர் வைத்துக் கொட்டாய் போட்டிருப்பவர்கள் பலருக்கும் ஏதோ ஒரு வடிவில் இந்தத் தொல்லை இருக்கிறது. ஒருவருக்குத் தொடுதிரை தானாக ஓடுகிறது. ஒருவருக்கு இயர்போனில் 'ங்ங்ங்' என்று இரைச்சல். இன்னொருவருக்குப் போனின் உலோக விளிம்பைத் தொட்டால் கட்டெறும்பு ஊர்கிற மாதிரி சுறுசுறுப்பு.

இதற்கு நம் ஆட்கள் கண்டிருக்கும் வைத்தியம், புதுப் போன் வாங்குவது. அதுவும் ஒரு வாரத்தில் ஆட ஆரம்பிக்கிறது. இலை மஞ்சளாகிறது என்றதும் மண்ணைப் பார்க்காமல் மருந்துக் கடைக்கு ஓடுவதை நாம் விட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று. போன் விஷயத்தில் மட்டும் இன்னும் கடைக்குத்தான் ஓடுகிறோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் போன்களில் பெரும்பாலானவற்றில் எந்தப் பழுதும் இல்லை. பழுது நம் கொட்டாயில் மின்சாரம் செய்யப்படும் விதத்தில் இருக்கிறது. போன் அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். அந்த எச்சரிக்கையை அலட்சியம் செய்தால் அடுத்து போகக்கூடியது கைக்காசு, அதற்கடுத்து உயிர்.

ஏன் இவ்வளவு கொட்டாய்கள்?

நெய்வேலி நமக்குப் பக்கத்து ஊர். 1960களிலிருந்து அங்கே பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். ஆனாலும் நம் முந்திரிக் கொல்லைகளுக்குக் கம்பி வரவில்லை. விவசாய மின் இணைப்புக்கு எழுதிப்போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பது தமிழ்நாடு முழுக்க உள்ள கதை. 2021 செப்டம்பரில் ஒரு லட்சம் புதிய இணைப்புகள் தரும் திட்டத்தை அரசு தொடங்கியது. அடுத்த ஆண்டு மேலும் 50,000 என்றார்கள். அத்தனைக்கும் ஆள் இருந்தார்கள் என்றால் வரிசை எவ்வளவு நீளம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை ஏறியது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசை வரிசையாகப் படுத்தன. கரண்ட் வர பல நாள் ஆன கிராமங்கள் இந்த மாவட்டத்தில் நிறைய. கம்பத்தை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்ற எண்ணம் நம் மக்களுக்கு அப்போது வந்தது. பேனல் விலையும் இறங்கியது. 2019-ல் பிஎம் குசும் திட்டம் வந்து சோலார் பம்புக்கு மானியம் கிடைக்க ஆரம்பித்ததும், மோட்டார் கொட்டாய்க்கு மேலே பேனல் இருப்பது சாதாரணக் காட்சி ஆகிவிட்டது. நல்ல விஷயம்தான். நான் சோலாருக்கு எதிரி இல்லை. என் கொல்லையும் அதில்தான் ஓடுகிறது.

ஆனால் பேனல் வந்த வேகத்தில் அதைச் சரியாகப் பொருத்தும் அறிவு வரவில்லை.

போன் ஏன் ஆடுகிறது?

தொடுதிரையின் கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கின்றன. விரல் பக்கத்தில் வந்தால் அங்கே மின்னூட்டம் மிக நுணுக்கமாக மாறும். அந்த மாற்றத்தை உள்ளே இருக்கும் சில்லு ஓயாமல் அளந்துகொண்டே இருக்கிறது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் கடலை மூட்டையை எடை போடும்போது ஒருவன் தராசை ஆட்டிக்கொண்டே இருந்தால் எடை எப்படி இருக்கும்? சார்ஜர் வழியாக இரைச்சல் ஏறினால் சில்லுக்கும் அதே கதிதான். விரல் இல்லாத இடத்தில் விரல் இருப்பதாக நினைத்துக்கொள்ளும்.

அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது? ஈபி மின்சாரம் 230 வோல்ட். நொடிக்கு 50 தடவை ஊஞ்சல் மாதிரி வழவழவென்று ஏறி இறங்கும். இதை சைன் அலை என்பார்கள். நம் கொட்டாய்களில் இருக்கும் மலிவு இன்வெர்ட்டர்கள் அப்படிச் செய்வதில்லை. படிக்கட்டில் குதிக்கிற மாதிரி திடீரென்று ஏறி, நின்று, திடீரென்று இறங்கும். பெட்டியின் மேல் 'மாடிஃபைடு சைன் வேவ்' என்று போட்டிருக்கும். பெயரில் சைன் இருக்கிறது, அலையில் இல்லை. இதில் மின்விசிறி முனகும். ஒவ்வொரு குதியிலும் கூர்மையான அதிர்வுகள் கிளம்பும்.

இரண்டு முள் சார்ஜருக்குள், 230 வோல்ட் பக்கத்துக்கும் போன் பக்கத்துக்கும் நடுவில், பாலம் போல ஒரு சின்ன மின்தேக்கி இருக்கும். சார்ஜரே உண்டாக்கும் இரைச்சலை அடக்குவதற்காக வைத்தது. வழவழப்பான அலையில் அதன் வழியே மிகக் கொஞ்சம்தான் கசியும். படிக்கட்டு அலையின் கூர்மைகள் தாராளமாகக் கடந்து போகும். வெறுங்காலோடு ஈர மண்ணில் நின்று போனைத் தொட்டால் அந்தக் கசிவுதான் உங்கள் உடம்பு வழியாக மண்ணுக்கு இறங்குகிறது. செருப்புப் போட்டாலோ கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தாலோ சுறுசுறுப்பு தெரியாது. "செருப்பு போட்டா சரியாயிடுதுங்க" என்று சொல்கிறார்கள். தெரியாமல் போகிறது, சரியாகவில்லை.

தரமான சார்ஜரில் அந்தப் பாலம் பாதுகாப்புக்கென்றே செய்த தனி வகை. பழுதானாலும் 230 வோல்ட்டை இந்தப் பக்கம் விடாதபடி வடிவமைத்தது. சந்தையில் தட்டுக்கடையில் விற்கும் சார்ஜரில் அங்கே என்ன வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. சாதாரண மின்தேக்கியை வைத்திருந்து அது ஒரு நாள் உருகி ஒட்டிக்கொண்டால், முழு மின்சாரமும் உங்கள் கையில் இருக்கும் போனுக்கு வந்துவிடும். சுறுசுறுப்பு அதற்கு முன்னால் வரும் எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பணம் இருக்கும் போன் இது

வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். போன் இன்று பேசுவதற்கு மட்டும் இல்லை. பிஎம் கிசான் தவணைக்கு ஓடிபி அதில்தான் வருகிறது. உழவன் செயலி அதில் இருக்கிறது. பங்கேற்பு உத்தரவாதச் சான்றுக்கு வயல் படங்களை எடுப்பதும் அதில்தான். கடலை விற்ற பணமும் அதில்தான் வருகிறது. திரை தானாக ஆடும் நேரத்தில் 500 ரூபாய் அனுப்பப் போனால் ஒரு பூஜ்யம் கூடுதலாக விழுந்து 5,000 ஆவதற்கு நேரமாகாது. ரகசிய எண் சில தடவை தப்பாக விழுந்தால் யுபிஐ அன்றைக்குப் பூட்டிக்கொள்ளும். ஆகவே முதல் விதி: சார்ஜில் இருக்கும்போது பணம் அனுப்பாதீங்க. பிடுங்கிவிட்டு அனுப்புங்க.

ஐந்து சோதனைகள்

ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால் நாமே பார்க்கக்கூடியவை இவை. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் குற்றவாளி தானாக வெளியே வருவான்.

1. சார்ஜரைப் பிடுங்கிவிட்டுத் திரையைப் பாருங்கள். அடங்கிவிட்டால் போன் குற்றமற்றது. பிடுங்கியும் ஆடினால்தான் போன் கடைக்குப் போக வேண்டும்.

2. அதே கேபிளில் பவர் பேங்க் வழியாகச் சார்ஜ் போடுங்கள். அடங்கினால் கேபிளும் நல்லது.

3. தரமான வேறு சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். சார்ஜரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குறியும், 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இதில் அடங்கினால் பழைய சார்ஜரைக் குப்பையில் போடுங்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுக்காதீங்க.

4. இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு, காரில் பயன்படுத்தும் சார்ஜரை பேட்டரியின் 12 வோல்ட்டிலிருந்து நேராகக் கொடுங்கள். நடுவில் ஒரு 5 ஆம்பியர் பீஸ் கட்டாயம். இப்போது அடங்கி, இன்வெர்ட்டரைப் போட்டதும் திரும்ப ஆடினால், குற்றவாளி இன்வெர்ட்டர்.

5. கடைசிச் சோதனைக்கு ஒரு பழைய ரேடியோ போதும். மத்திய அலையில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, கொட்டாய்க்குள் மெதுவாக நடங்கள். எந்தப் பெட்டியின் பக்கத்தில் போனால் இரைச்சல் கூடுகிறதோ அங்கேதான் வில்லன். பேனலைத் தார்ப்பாயால் மூடியதும் இரைச்சல் நின்றால் சார்ஜ் கன்ட்ரோலர் அல்லது பேனல் இணைப்பு.

1960களில் ஏடிடி 27 நெல்லை வானொலி மூலம் பரப்பினார்கள். அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்தது. அந்த நெல்லோடு உரமூட்டையும் சேர்ந்து வந்ததை நாம் மறக்கவில்லை. ரேடியோ மேல் இருக்கும் அந்தப் பழைய கணக்கை இப்படியாவது நேர் செய்துகொள்வோம்.

ஐந்தாவது சோதனையில் 'படபட' என்று விட்டுவிட்டு வெடிக்கிற சத்தம் வந்தால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். அது தளர்ந்த இணைப்பில் தீப்பொறி பறக்கும் சத்தமாக இருக்கலாம். ஈபி மின்சாரம் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால் அதில் பொறி அணைய வாய்ப்பு உண்டு. பேனலிலிருந்து வரும் நேர்மின்சாரம் அப்படி இல்லை. பிடித்துக்கொண்டால் விடாது. மேலே கீற்று, கீழே சித்திரை வெயிலில் காய்ந்த முந்திரிச் சருகு. நினைத்துப் பாருங்கள்.

சிக்னல் வராமல் பேச்சு வெட்டி வெட்டிக் கேட்பது வேறு நோய். தகரக் கூரை அலையை மறைக்கும். வெளியே வந்து பேசினால் தீர்ந்தது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இரண்டு தடவை கமிஷன் எதற்கு?

பேனல் கொடுப்பது நேர்மின்சாரம். பேட்டரி வைத்திருப்பதும் நேர்மின்சாரம். போன் கேட்பதும் நேர்மின்சாரம். நடுவில் இன்வெர்ட்டர் அதை 230 வோல்ட் மாறுமின்சாரமாக ஆக்க, சார்ஜர் அதைத் திரும்ப 5 வோல்ட் நேர்மின்சாரமாக ஆக்குகிறது. ஒரே பணத்தை இரண்டு தடவை மாற்றி இரண்டு தடவை கமிஷன் கொடுப்பதற்கு வங்கியில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

கணக்கும் பார்த்துவிடலாம். ஒரு சிறிய இன்வெர்ட்டர் சும்மா ஓடுவதற்கே மணிக்கு 12 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி பத்து மணி நேரத்தில் 120. 12 வோல்ட் 100 ஆம்பியர் பேட்டரியின் கொள்ளளவே காகிதத்தில் 1,200 தான். ஒரு போனுக்காக பேட்டரியில் பத்தில் ஒரு பங்கு காற்றில் போகிறது.

ஆகவே போன், விளக்கு, ரேடியோ மூன்றையும் 12 வோல்ட்டிலேயே ஓட்டுங்கள் என்பது என் உறுதியான கருத்து. காரில் போடும் சார்ஜர் சில நூறு ரூபாய்தான். மிக்ஸி, மின்விசிறி மாதிரி 230 வோல்ட் வேண்டியவற்றுக்கு மட்டும் இன்வெர்ட்டர். அதுவும் உண்மையான சைன் அலை இன்வெர்ட்டர். விலை கூடத்தான். இரண்டு போன் வாங்கும் காசை நினைத்துக்கொண்டு வாங்குங்கள்.

இன்னும் இரண்டு சின்ன வேலைகள். பேனலிலிருந்து வரும் பிளஸ், மைனஸ் கம்பிகளைக் கூரையின் ஆளுக்கொரு பக்கமாக இழுக்காமல், கயிறு திரிப்பது போல ஒன்றாக முறுக்கி இறக்குங்கள். விரிந்த வளையம் இரைச்சலைப் பரப்பும் ஏரியல் ஆகிவிடும். அடுத்து, பழைய கம்ப்யூட்டர் வயர்களின் நுனியில் கருப்பாக ஒரு உருளை இருக்குமே, அது பெர்ரைட். அதைச் சார்ஜர் கேபிளில் மாட்டினால் இரைச்சலைக் குறைக்கும். பெர்ரைட்டும் இரும்புத்தாது கலந்து சுட்ட ஒரு பீங்கான்தான். பீங்கான் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

மண்ணோடு இணைப்பு இல்லாத வீடு

இனி முக்கியமான விஷயம். நான் பார்த்த சோலார் கொட்டாய்களில் பலவற்றில் எர்த் இல்லை. கேட்டால், "ஈபி இல்லியே சார், எர்த் எதுக்கு?" என்று பொருத்தியவர் சொன்னாராம். தவறான பேச்சு. இன்வெர்ட்டரிலிருந்து வரும் 230 வோல்ட்டும் கொல்லும். பேனல் சட்டமும் இன்வெர்ட்டரின் இரும்புப் பெட்டியும் மோட்டார் உடலும் மண்ணோடு இணைந்திருக்க வேண்டும்.

எர்த் போட்டால் போன் ஆடுவது முழுக்க நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. இரண்டு முள் சார்ஜருக்கு எர்த் முள்ளே கிடையாது. ஆனால் உள்ளே கம்பி தேய்ந்து இரும்புப் பெட்டியில் மின்சாரம் ஏறினால், அது இறங்க ஒரு வழி வேண்டும். எர்த் இல்லாவிட்டால் அந்த வழி நீங்கள்தான், அல்லது அதில் உரசும் உங்கள் மாடு.

எர்த் போடும் முறைக்கு ஐஎஸ் 3043 என்று இந்தியத் தர விதியே இருக்கிறது. வழக்கமாக இரண்டரை மீட்டர் குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் கொட்டுவார்கள். உப்பு குழாயையும் அரிக்கும், மண்ணையும் கெடுக்கும். நம் நிலத்தில் மூட்டை உப்பைக் கொட்ட நமக்கு மனசு வருமா? பெண்டோனைட் களிமண் போட்டு நிரப்பலாம்; ஈரத்தைப் பிடித்து வைக்கும். நம் பக்கத்துச் செம்மண் சரளை கோடையில் காய்ந்துபோனால் எர்த் பலவீனமாகும். அதனால் குழாயைத் தொட்டித் தண்ணீர் வழிந்து போகும் ஈரமான இடத்தில் இறக்கச் சொல்லுங்கள்.

சோலார் வேலி வைத்திருப்பவர்கள், வேலியின் எர்த்தையும் கொட்டாயின் எர்த்தையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். வேலி துடிக்கும்போதெல்லாம் ரேடியோவில் 'டிக்... டிக்' என்று கேட்டால் அங்கே பாருங்கள். இன்வெர்ட்டரின் நியூட்ரலை எர்த்தோடு இணைக்கும் வேலையை மட்டும் நாமே செய்யக் கூடாது. சில இன்வெர்ட்டர்கள் அதை ஏற்காது, புகைந்துவிடும். உரிமம் பெற்ற மின்பணியாளர் அந்தப் பெட்டியின் கையேட்டைப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை அது.

சாணம் கெட்டபெயர் வாங்க வேண்டாம்

போன் தொல்லைக்கு ஒட்டும் வில்லை, கதிர்வீச்சைத் தடுக்கும் தாயத்து என்று விற்பவர்கள் இயற்கை விவசாயக் கூட்டங்களைத் தேடி வருகிறார்கள். 2020 அக்டோபரில் ராஷ்ட்ரிய காமதேனு ஆயோக் தலைவர், போனின் கதிர்வீச்சைக் குறைக்கும் என்று சாணத்தில் செய்த சில்லு ஒன்றை அறிமுகப்படுத்தினார். ஆதாரம் எங்கே என்று அறிவியலாளர்கள் பலர் சேர்ந்து கடிதம் எழுதிக் கேட்டார்கள். கேட்டது நியாயம்.

சாணம் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். ஜீவாமிர்தம் ஊற்றிய மண்ணைக் கையில் அள்ளிக் காட்டலாம். செய்யாத வேலையை அதன் தலையில் ஏற்றினால், செய்யும் வேலையையும் ஊர் நம்பாது. எர்த் குழி தோண்ட வேண்டிய இடத்தில் வில்லை ஒட்டி ஏமாற வேண்டாம்.

இயக்கம் கேட்க வேண்டியது

மின்சாரத்துக்காக உயிர் கொடுத்தவர்கள் தமிழக உழவர்கள். 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் மூன்று பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அன்றைக்குச் சண்டை யூனிட்டுக்கு எத்தனை பைசா என்பது. இன்றைக்கு மின்சாரத்தை நம் கூரையிலேயே செய்கிறோம். அதன் தரத்தைக் கேட்பதும் உழவர் கோரிக்கைதான்.

வங்கி எனக்குக் கொடுத்த பழக்கம், கொட்டேஷனை வரி விடாமல் படிப்பது. எது எழுதப்படவில்லையோ அதில்தான் வில்லங்கம் இருக்கும். ஆகவே நாம் மூன்று விஷயங்களைப் பிடிவாதமாகக் கேட்க வேண்டும்.

ஒன்று, சோலார் வாங்கும் எவரும் கொட்டேஷனில் 'உண்மையான சைன் அலை', 'எர்த் குழாய், கம்பி, பொருத்தும் கூலி உட்பட' என்று எழுதி வாங்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

இரண்டு, மானியத்தில் பொருத்தும் ஒவ்வொரு சோலார் அமைப்பிலும் எர்த் எத்தனை ஓம் என்று அளந்து உழவரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதையும் கோடையில் ஒருமுறை திரும்ப அளக்க வேண்டும். இதை வேளாண்மைப் பொறியியல் துறையிடம் இயக்கத்தின் சார்பில் மனுவாகக் கொடுக்கலாம்.

மூன்று, ஒவ்வொரு வட்டாரக் குழுவும் சேர்ந்து ஒரு எர்த் மீட்டர் வாங்கலாம். விதை வங்கி நடத்துகிறோம், கோனோவீடரை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். இதையும் அந்தப் பட்டியலில் சேர்க்க என்ன தடை? ஐடிஐ படித்துவிட்டு வேலை தேடும் நம் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேருக்குச் சொல்லிக் கொடுத்தால், ஒரு கோடையில் வட்டாரம் முழுக்க அளந்துவிடலாம். அவர்களுக்கும் நாலு காசு கிடைக்கும்.

முதல் கத்தரி வெயில் வருவதற்குள் அவரவர் கொட்டாயில் எர்த் கம்பி எங்கே இறங்குகிறது என்று போய்ப் பாருங்கள். கண்ணில் படவில்லை என்றால், அடுத்த மாதக் கூட்டத்தில் முதல் பேச்சு அதுவாக இருக்கட்டும்.